குழவி உருண்ட விமானம்

"…அதனாலதான் சொல்றன் பாப்பா, கதவத் தொறந்துவுடு. நான் எறங்கிப் பூடறன்."

இந்தப் பேச்சின் பின்பாதிதான் என் காதில் விழுந்தது. முன்பாதியை ஜம்போ விமானத்தின் இன்ஜின்கள் விழுங்கிவிட்டன. பம்பாயில் கதவு சாத்தி, பின்னுக்குத் தள்ளி, ஓடுபாதையைப் பார்த்து விமானம் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பணிப்பெண்கள்கூட உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் ஒரு அம்மா நடைவழியில் எழுந்து நிற்கிறார். காலில் புத்தம்புது ரப்பர் செருப்பு. மார்போடு அணைத்த ஒரு துணி மூட்டை. அந்த மூட்டையிலிருந்து கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்து கம்பளத்தில் விழுந்துகொண்டிருந்தன.

இப்போது பணிப்பெண் பயிற்சி முடித்து, இறக்கை பேட்ஜ் குத்திய கையோடு என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மேடம், பயங்கரமா ஏதாவது நடந்திருக்கா?" இன்ஜினில் தீ, மின்னல், அவசரத் தரையிறக்கம் என்று ஏதாவது சொல்வேன் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறீர்கள். அதெல்லாம் வந்தால் என்ன செய்வது என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லித் தருகிறார்கள். கை தானாகச் செய்யும். பயிற்சியில் இல்லாதது என்று ஒன்று உண்டு. ஒரு மனுஷி உங்கள் முகத்தைப் பார்த்து "எறக்கிவுடு" என்று கேட்பது. அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நம் நாட்டு விமான நிறுவனத்தின் பம்பாய், பாரீஸ், லண்டன் தடத்தில் பறந்துகொண்டிருந்தேன். என்னை அந்தத் தடத்தில் போட்டதற்குக் காரணம் அழகும் இல்லை, சிபாரிசும் இல்லை. வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் தொண்டையில் திணித்து அனுப்பிய பிரெஞ்சு. இங்கிலீஷும் இந்தியும் நானாகப் பொறுக்கியது. பயணிகள் பேசுவதைக் கேட்டு, கேலியில் என்னென்ன சொற்கள், கோபத்தில் என்னென்ன சொற்கள் என்று மனதில் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் என்னிடம் இருப்பது மனிதர்கள் சொன்ன பேச்சுத்தான். வேறு சொத்து கிடையாது.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு அப்போது பாரீஸ் என்றால் கடலூருக்கு அடுத்த ஊர் மாதிரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்குகிறவரை ஊரில் "சொல்தா" என்போம். ஒரு தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். அவர்கள் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள், ஊரில் பெண் கட்டுவார்கள், பெண்ணை அழைத்துப்போவார்கள், பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். புளி, மிளகாய்த்தூள், வீராம்பட்டினத்துக் கருவாடு எல்லாம் கூடவே வரும். எங்கள் ஊர்க்காரர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பயணிகள் பட்டியலைப் பார்க்காமலே மூக்கால் சொல்லிவிடுவேன்.

மூட்டையோடு நின்ற அம்மாவின் பெயர் அஞ்சலாட்சி. பாகூர்ப் பக்கம் செலியமேடு. அவருக்குப் பின்வரிசையில், தலையில் கை வைத்தபடி, ஒரு சொல்தா. உறுவையாற்றுக்காரர், அருளப்பன் என்று பெயர். இருவருக்கும் நடுவில், சீட்டுக்கு அடியில், கன்னங்கரேலென்று ஒரு அம்மிக் குழவி கிடந்தது.

ஆமாம் பிள்ளைகளே, அம்மிக் குழவி.

"யோவ் சொல்தா, ஒனக்கு அறிவு இருக்குதா? கல்ல எடுத்துகினு ஏரோப்ளேன் ஏறுவியா?" அஞ்சலாட்சியம்மாள் அழுகையும் கோபமுமாக அவரைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மிய கீழ லக்கேஜில போட்டுட்டன்மா. குழவியும் போட்டா வெயிட் ஏறுதுன்னான். அதான் கைப்பையில வச்சன். ஜிப்பு இப்பிடித் தெறிச்சுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

நடந்தது இதுதான். ஊர்ந்துகொண்டிருந்த விமானம் சட்டென்று பிரேக் போட்டது. சொல்தாவின் பையிலிருந்த குழவி ஜிப்பை அறுத்துக்கொண்டு முன்னால் உருண்டது. அஞ்சலாட்சியம்மாள் தன் மூட்டையைக் கால்மாட்டில் வைத்திருந்தார். மடியில் வைத்திருந்ததை "கீழே வையுங்கள்" என்று சொல்லி வைக்கவைத்தது எங்கள் விதி. குழவி நேராக அந்த மூட்டைமேல் ஏறியது. உள்ளே வைக்கோல் சுற்றி, புதுச்சேலையில் பொதிந்து வைத்திருந்தவை கண்ணாடி வளையல்கள்.

நான் அவரை உட்காரவைக்கப் பார்ப்பதற்குள் பர்சர் வந்துவிட்டார். எங்கள் குழுவின் தலைவர் அவர். நரைத்த மீசை, குரல் உயர்த்தாத மனிதர். என் காதோரம் குனிந்து, "பாரீஸ் வரைக்கும் கதவு திறக்காது என்று சொல்லிவிடு. எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். இவங்களும் உட்கார்ந்துவிடுவாங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். போர்வை, தலையணை மாதிரி அந்தப் பொய்யும் அந்தக் காலத்தில் எல்லா விமானத்திலும் ஏற்றப்பட்டிருந்தது. பயந்துபோன பயணிக்கு அதைப் போர்த்திவிடுவோம்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அஞ்சலாட்சியம்மாள் கேட்டுவிட்டார். "இத்தப் பாரு. நீ எங்க ஊர்ப் பேச்சு பேசற. நெசத்தச் சொல்லு. கதவு தொறக்குமா, தொறக்காதா?"

நேராகக் கேட்டார். கண்ணைப் பார்த்துக் கேட்டார். செலியமேட்டுக்காரியிடம் பொய் சொன்னால் அது பாகூர்ச் சந்தை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் என்கிற பயமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தொறக்கும்மா. நீங்க எறங்கியே ஆவணும்னா கேப்டன் வண்டியத் திருப்பிடுவாரு. படி போடுவாங்க. எறங்கலாம்."

பர்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன சொன்னேன் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதவு திறக்கும் என்று சொன்னதும் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். நானே பெல்ட்டை மாட்டிவிட்டேன், தடுக்கவில்லை. திறக்காது என்றால்தான் மனிதருக்குக் கதவு வேண்டும். திறக்கும் என்று தெரிந்தால் கொஞ்சம் யோசிக்க உட்காருவார்கள். இத்தனை வருஷத்தில் இது பொய்த்துப் பார்த்ததில்லை.

இண்டர்கம்மில் கேப்டனைக் கூப்பிட்டேன். குழவியையும் வளையலையும் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இறங்க வேண்டும் என்கிறார்களா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொல்கிறார்கள். ஏன் என்று இன்னும் முழுதாகக் கேட்கவில்லை."

"எனக்கு முன்னால் விமானங்கள் வரிசையில் நிற்கின்றன. அவை போகும்வரை உனக்கு நேரம். அப்புறம் எனக்கு ஒரே வார்த்தை சொல். திரும்பவா, போகவா?"

இதன் கனம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறங்கினால் அவருடைய பெட்டியையும் தேடி இறக்க வேண்டும். வரிசை போய்விடும். விமானம் நிறைய ஆட்கள், லண்டன்வரை அவரவர் அவசரம். இது எல்லாம் ஒரு தட்டு. இன்னொரு தட்டில் அந்த அம்மா. அவருடைய கனம் எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் நடைவழியில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"மொதல்லேருந்து சொல்லுங்கம்மா. நீங்க சொன்னதுல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு."

"நீ எந்த ஊரு?"

"வில்லியனூர்ப் பக்கம்."

"அப்ப சொன்னாப் புரியும்." மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். செல்வி என்று பெயர். பாகூர்ச் சொல்தா வீட்டுப் பையனுக்குக் கட்டிக்கொடுத்து, பாரீஸில் இருக்கிறாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் நிறைமாதம் நெருங்குகிறது. இந்த நிலையில் அவள் விமானம் ஏறி வர முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். மகள் வர முடியாவிட்டால் தாய்வீடுதானே போக வேண்டும்? இவர் கிளம்பிவிட்டார். சுக்கு, பூண்டு, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்க வேண்டிய சாமான் எல்லாம் பெட்டியில். வளையல் மட்டும் கையில்.

"மொத தடவ வளையல் போடல பாப்பா. அங்க யாரு போடறது? அவுங்கவுங்க வேலைக்கு ஓடறாங்க. வளையல் சத்தம் கேக்காத புள்ள தங்கல. அதான் இந்தத் தடவ நானே வளையக்காரன வூட்டுக்கு வரச் சொல்லி, பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, அம்மன் காலடியில வச்சு எடுத்துகினு வந்தன். இப்ப பாரு." மூட்டையின் முடிச்சை விலக்கினார். பச்சையும் சிவப்புமாகத் தூள். "இத எடுத்துகினு போயி அவ மூஞ்சில எப்பிடி முழிப்பன்? ஒடஞ்ச வளையலோட வந்தியாம்மான்னு கேட்டா இன்னா சொல்லுவன்? வாணாம். நான் எறங்கி ஊருக்குப் போயி, மறுபடியும் வளையல் வாங்கி, கோயில்ல வச்சு எடுத்துகினு, அடுத்த வண்டில வரன்."

அடுத்த வண்டி. பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பஸ்ஸை விட்டால் பின்னாலேயே அடுத்தது வருமே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டிலும் வளையல் போடுவது உண்டு. சாமி வேறு, வளையல்காரர் ஒருவரே. அந்த அம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள என்னால் ஆகவில்லை. ஆனால் தலையாட்டிவிட்டு எழுந்துபோகவும் முடியாது. அவர் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் பொய்தான்.

"அம்மா, கதவு தொறக்கும். ஆனா அடுத்த வண்டி ஒடனே கெடைக்காது. மறுபடியும் டிக்கெட்டு, மறுபடியும் எடம். எத்தினி நாளாவும்னு என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள செல்விக்கு வலி வந்துட்டா, வளையலும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். நான் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் மூட்டையை விடவில்லை.

"வெறுங்கையோட போவ மாட்டன் பாப்பா. அது மட்டும் என்னால ஆவாது."

பின்னாலிருந்து சொல்தா தலையை நீட்டினார். "யம்மா, பாரீஸ்ல எறங்குனதும் நானே வளையல் வாங்கித் தரன். எம் மேலதான தப்பு?"

"யோவ், பாரீஸ்ல கல்லு கெடைக்காதுன்னுதான ஊர்லேருந்து தூக்கியாந்த? கல்லே கெடைக்காத ஊர்ல கண்ணாடி வளையல் எங்கய்யா கெடைக்கும்?"

சுற்றியிருந்தவர்களுக்குப் பேச்சு புரியாது. ஆனால் அந்தத் தொனி புரிந்து யாரோ சிரித்துவிட்டார்கள். சொல்தாவும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "கல்லு கெடைக்குது. அம்மிக் குழவி கெடைக்கல. மிக்சில அரச்ச சட்டினி எம் பொஞ்சாதிக்கு எறங்க மாட்டேங்குது, நான் இன்னா பண்றது?"

அப்போதுதான் பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா என் தோளைத் தொட்டார். மராட்டிக்காரர். மூக்கில் முத்து வளையம், இரு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை பச்சைக் கண்ணாடி வளையல்கள். இவ்வளவு நேரம் சில்லுகளையும் அழுகையையும் பார்த்துக்கொண்டிருந்தவர், என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் கையைக் குவித்து, ஒரு வளையலை மெல்ல உருவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "எங்கள் பக்கத்தில் வளையல் உடைந்தது என்று சொல்ல மாட்டோம், வளர்ந்தது என்போம். அவங்களுக்குச் சொல்" என்றார்.

சொன்னேன். அஞ்சலாட்சியம்மாள் கண் அந்தப் பச்சை வளையலிலேயே நின்றது.

"எங்க ஊர்லயும் தாலிக்கயிறு அறுந்தா பெருகிடுச்சுன்னுதான் சொல்லுவோம்." குரல் இறங்கியிருந்தது. "கேளு பாப்பா. அவங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குதா?"

கேட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், இப்போது லண்டனில் இன்னொரு பேத்தி பிறந்திருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முன்னால் நின்ற விமானங்களில் கடைசியானது ஓடுபாதையில் திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. இண்டர்கம் விளக்கு எரிந்தது. பர்சர் எடுத்து, என்னைப் பார்த்தார். நான் அஞ்சலாட்சியம்மாளைப் பார்த்தேன். "எடுத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவ்வளவு தூரம் அவர் கையிலேயே விட்டுவிட்டு, கடைசியில் நான் தள்ளிவிடக் கூடாது.

அவர் கையை நீட்டி வளையலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வண்டிய எடுக்கச் சொல்லு பாப்பா."

பர்சர் இண்டர்கம்மில், "போகலாம்" என்றார். நான் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித்தான் ஓட வேண்டியிருந்தது, அத்தனை கனம். சமையல் பகுதியில் காலி டிராலி ஒன்றில் போட்டுப் பூட்டி, என் சீட்டில் விழுந்து பெல்ட்டை இழுப்பதற்குள் இன்ஜின்கள் இரையத் தொடங்கிவிட்டன.

மேலே போய்ப் பெல்ட் விளக்கு அணைந்ததும் முதல் வேலையாக ஈரத்துணி கொண்டுவந்து சில்லுகளைத் துடைத்தெடுத்தேன். தூளுக்கு நடுவில் உடையாமல் தப்பியவை சில கிடைத்தன. அவற்றையும் பச்சை வளையலையும் அந்த அம்மா ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காபி கொண்டுபோனேன். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அது என் வேலையும் இல்லை. மராட்டியம்மா முன்வரிசையில் இருந்த குஜராத்திப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு என்னைவிட வேகமாக நடந்து விமானத்தின் வால்வரைக்கும் போய்விட்டது. ஒரு வரிசையில் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்ட பெண், காலியான இடத்தில் ஒரு மஞ்சள் வளையலை வைத்தாள். அடுத்த வரிசையில் ஒரு கோவாக்காரி, கழுத்தில் சிலுவை, கையில் கல்யாணத்துப் பச்சை வளையல். ஒன்றைக் கழற்றி வைத்தாள். ஹைதராபாத்திலிருந்து வந்த முஸ்லிம் பெண்மணி, கல் பதித்த வளையலைக் கணவரிடம் கண்ணால் கேட்டு, அவர் தலையாட்டியதும் வைத்தார். பஞ்சாபி மணப்பெண் ஒருத்தி, "கல்யாணத்து வளையலைக் கழற்றக் கூடாது, அத்தை கொல்லுவாள்" என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் துழாவி வேறொன்றை எடுத்தாள். காபியோடு போன தட்டு வளையலோடு திரும்பியது. பர்சர் நின்று பார்த்தார். இரண்டாம் முறை அந்தத் தட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அஞ்சலாட்சியம்மாள் ஒவ்வொரு வளையலுக்கும் யார் கொடுத்தது என்று கேட்டார். கை காட்டினேன். எழுந்து நின்று, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கயிற்றில் கோத்தார்.

"யம்மா, பாரீஸ்ல யாரு போட்டுவுடுவா?" சொல்தாதான் கேட்டார்.

"யாராச்சும் கழுத்துல தாலி இருக்கறவங்களத்தான் தேடணும். நான் தொடக் கூடாது. செல்வியோட அப்பா போயி ரொம்ப நாளாச்சு." சாதாரணமாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது கேள்வியே இல்லை. தாலி இழந்தவள், பெற்ற தாயே ஆனாலும், வளையல் போடும்போது தூண் மறைவில்தான் நிற்பாள்.

"எம் பொஞ்சாதி ஏர்போர்ட்டுக்கு வரா. அவளே போடட்டும். குழவிக்குப் பரிகாரம்."

"ஒம் பொஞ்சாதியாச்சும் வெவரமானவளா?"

"வெவரமில்லாமதான என்னக் கட்டிகினா?"

அந்தச் சமயத்தில்தான் பின்பக்கமிருந்து ஒரு முதியவர் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். குஜராத்தி அம்மா. வெள்ளைச் சேலை, நெற்றியில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நீலக் கண்ணாடி வளையல் ஒன்று. "பேத்திக்கு வாங்கியது. அவளுக்கு நிறைய இருக்கிறது" என்றார் இந்தியில். பிறகு தயங்கி, "என் கையால் கொடுக்கலாமா என்று கேள்" என்றார்.

முன்வரிசையில் பேச்சு நின்றது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மொழிபெயர்க்காமல் விழுங்கியிருக்கலாம், அவரை நல்லபடி பேசித் திருப்பி அனுப்பியிருக்கலாம். பிள்ளைகளே, நம் வேலையில் பேச்சைக் கொண்டுசேர்க்கிறவள் நடுவில் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியே தமிழில் சொன்னேன், "என் கையால குடுக்கலாமான்னு கேக்கறாங்க" என்று.

மராட்டியம்மாவிடம் பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று விசாரித்தபிறகே வளையல் வாங்கிய அஞ்சலாட்சியம்மாள், இப்போது ஒன்றும் விசாரிக்கவில்லை. அந்த வெறுங்கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். எழுந்து, அந்த முதியவரைத் தோளைப் பிடித்துத் தன் சீட்டில் உட்காரவைத்தார்.

"எங் கை மாதிரிதான் இருக்குது அவங்க கையும். நம்ம கையாலதான புள்ளைங்கள வளத்தோம்? சோறு ஊட்டறப்ப கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களான்னு கேளு பாப்பா."

கேட்டேன். அந்தக் குஜராத்தி அம்மா சிரித்தார். சிரிக்கும்போது பல்லில்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். நீல வளையலும் கயிற்றில் ஏறியது. மராட்டியம்மா பின்னால் போய் அவருடைய சீட்டில் உட்கார்ந்துகொள்ள, இருவரும் ஒரு வார்த்தை பொதுவில் இல்லாமலே கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். துருக்கி மலைகளின்மேல் பனி வெயிலில் மின்னியது. ஒருவர் மற்றவருக்கு ஜன்னலில் அதைக் காட்டினார்.

பாரீஸில் இறங்கும்போது பகல்தான். எங்கள் குழு எல்லாக் கதவும் பார்த்து, லண்டன் போகும் குழுவிடம் விமானத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டு, வெளியே வரும்போது பயணிகள் பெட்டி எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் முதலில் தெரிந்தது சொல்தாதான். ஒரு கையில் குழவி, இன்னொரு கையில் அஞ்சலாட்சியம்மாளின் பெட்டி. அவர் மனைவி, குண்டாகச் சிரித்த முகத்தோடு, அவரிடமிருந்து குழவியை வாங்கித் தடவிப் பார்த்து, அதன் கதையைக் கேட்டு, நடுச்சபையில் அவர் மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் செல்வி நின்றாள். கோட்டின் பொத்தான்கள் வயிற்றின்மேல் பூட்டவில்லை. முகம் வெளிறியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவளால் ஓட முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதாள். மருமகன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார். பர்சர், நான், ஓட்டல் வண்டிக்குப் போக வேண்டிய மற்ற பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அஞ்சலாட்சியம்மாள் மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம், கல் பதித்தது என்று ஒன்றுக்கொன்று சேராத வளையல்கள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாம்மா இது, கடையவே தூக்கியாந்துட்டியா?" என்று கேட்டாள்.

"கடையில்லடி. வர வழியெல்லாம் உனக்குச் சொந்தக்காரங்க. வூட்டுக்குப் போயி சொல்றன்."

சொல்தாவின் மனைவி குழவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கைகளைச் சேலையில் துடைத்து, தாலியைக் கண்ணில் ஒற்றி, முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "குடுங்கக்கா. நான் போட்டுவுடறன்."

அஞ்சலாட்சியம்மாள் நீட்டிய அந்தக் கைகளைப் பார்த்தார். "நீ பக்கத்துல நில்லும்மா. நின்னு குலவை போடு" என்றார். பிறகு புது ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் காலடியில் அந்தப் பளபளத்த தரையிலேயே உட்கார்ந்தார். அவள் கையைத் தன் மடிக்கு இழுத்து, வளையல்காரர் பிடிப்பதுபோல் விரல் மூட்டுகளைச் சேர்த்துக் குவித்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றிலிருந்து கைக்கு முதலில் வந்த வளையலைத் தன் கையாலேயே ஏற்றினார்.